காற்று தூயதுதான், காற்றாலை நிற்கும் இடம்?



தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் பயிற்சி நூல் ஒன்றில் ஒரு வினா இருக்கிறது. சரியா, பிழையா என அடையாளமிட வேண்டிய வினா. காற்றாற்றல் சுற்றுச்சூழலுக்கு எவ்விதத் தீங்கும் செய்யாது என்பது அதன் கூற்று. நூலின் கடைசிப் பக்கத்தில் அதற்குரிய விடை ‘சரி’ என்று அச்சாகியுள்ளது. நூலின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஏனெனில், இஃது ஒரு நூலின் குறை மட்டும் அன்று. மாதிரிக் கட்டுரைகளிலும் பேச்சுப் போட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் இதே கூற்றுதான் வலம் வருகிறது. பச்சைப் புல்வெளி, நீல வானம், நடுவே மூன்று வெள்ளை இறக்கைகளோடு ஒரு காற்றாலை. அதன் அருகே அழகுக்காக ஒரு பறவையும் வரையப்பட்டிருக்கும்.

அந்தப் பறவைக்கு அடுத்த நொடி என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். நான் காற்றாலைக்குப் பகைவன் அல்லன். நிலக்கரிப் புகையை விழுங்கிக்கொண்டு பறவைகளைப் பற்றி மட்டும் கண்ணீர் வடிப்பவனும் அல்லன். புவி வெப்பம் உயர்ந்துகொண்டே போனால் மனிதனைப் போலவே பறவையும் அழியும் என்பதை அறிவேன். என் வாதம் ஒன்றே ஒன்றுதான். காற்றாலை வேண்டுமா வேண்டாவா என்பது முடிந்துபோன கேள்வி. எங்கே நாட்டுவது, எப்பொழுது ஓட்டாமல் வைப்பது, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்பவையே இன்றைய கேள்விகள். இந்த மூன்றையும் மறைத்துவிட்டுத் ‘தூய ஆற்றல்’ என்னும் இரண்டு சொற்களால் எல்லார் வாயையும் அடைப்பது அறிவியல் ஆகாது. அது விளம்பரம்.

விளம்பரத்தை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தலாமா? மன்னாரைப் பார்த்துவிட்டு விடை சொல்லுங்கள்.

மன்னாரில் நடப்பது என்ன?

இலங்கையின் வடமேற்குக் கரையை ஒட்டி, இராமேசுவரத்தை நோக்கிக் கை நீட்டியதுபோல் கிடப்பது மன்னார்த் தீவு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்தான். பனை மரங்கள், மீனவ ஊர்கள், பழைய பெருக்க மரங்கள், தமிழ் பேசும் மக்கள். மேடு என்று சொல்லத்தக்க நிலம் அங்கே அரிது. கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க மலையும் இல்லை, குன்றும் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அங்கே ஓயாமல் வீசும்.

பொறியாளர்களின் கண் அந்தக் காற்றின்மேல் விழுந்ததில் வியப்பில்லை. 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ என்னும் காற்றாலைப் பண்ணை அங்கே திறக்கப்பட்டது. தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகள். ஏறக்குறைய 100 மெகாவாட் திறன். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு இலங்கை மின்சார சபை எழுப்பிய பண்ணை அது.

அதன் பிறகு பெரிய கைகள் வந்தன. இந்தியாவின் அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலைகளை அமைக்க 2023-இல் ஒப்புதல் பெற்றது. மன்னாருக்கு மட்டும் 52 காற்றாலைகள், 250 மெகாவாட். முப்பது கிலோமீட்டர் தீவில் ஏற்கெனவே நின்ற முப்பதோடு மேலும் ஐம்பத்திரண்டு!

பொறியாளர்களுக்கு நெடுங்காலம் முன்னரே அந்தத் தீவைக் கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர். ஒவ்வோர் ஆண்டும் வடகோளத்தில் குளிர் தொடங்கும்போது சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் பறவைகள் தெற்கே இறங்குகின்றன. அவை வரும் வழியை நடு ஆசிய வலசைப்பாதை என்பர். இந்தியாவின் தென்முனையைக் கடந்து இலங்கைக்குள் நுழையும் பறவைகளுக்கு மன்னார் ஒரு வாசல். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கடற்காகம், உள்ளான் என எத்தனையோ இனங்கள் அங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. பூநாரைக் கூட்டங்கள் ஆழமற்ற உப்பு நீரில் நின்று இரை தேடுகின்றன. தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் உள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010-இல் உலக அளவில் மதிப்பு வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்த கடற்காகங்களின் முதுகில் சிறிய தடங்காட்டிக் கருவியைப் பொருத்திப் பறக்க விட்டனர். அவை இந்தியாவைக் கடந்து, நடு ஆசியாவைக் கடந்து, உருசிய நாட்டின் ஆர்க்டிக் கரை வரை சென்றதைக் கருவி காட்டியது. உலக உருண்டையை எடுத்து விரலால் அந்த வழியைத் தொட்டுப் பாருங்கள். மன்னார் மணலில் நிற்கும் ஒரு கடற்காகத்திற்கு எத்தனை நாடுகள் கடன்பட்டிருக்கின்றன என்பது புரியும்.

நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரைப் பற்றி வகுப்பில் சொல்லி மகிழ்கிறோம். மயிலுக்குப் போர்வை தந்த பேகனை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், அந்த நாரை இன்று எந்த வழியாகப் பறக்கிறது, அந்த வழியில் என்ன நாட்டப்படுகிறது என்பதை அறிந்துகொள்ள அக்கறை காட்டுவதில்லை. இலக்கியத்தில் மட்டும் பறவை வாழ்ந்தால் போதும் என்று நினைக்கிறோமோ?

ஏன் இரண்டும் ஒரே இடத்தில்?

காற்றாலையும் பறவையும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது தற்செயல் அன்று. இரண்டிற்கும் வேண்டியது ஒன்றே. பெரிய பறவைகள் ஓயாமல் சிறகடித்துப் பறப்பதில்லை. எழும் காற்றில் ஏறி மிதக்கின்றன. வீசும் காற்றில் சறுக்கிச் செல்கின்றன. மலைமுகடு, கணவாய், திறந்த கடற்கரை ஆகியவை அவற்றின் நெடுஞ்சாலைகள். அதே முகடும் கணவாயும் கடற்கரையும்தான் காற்றாலைக்கும் ஏற்ற நிலம்.

‘இவ்வளவு பெரிய பொருள் பறவையின் கண்ணுக்குத் தெரியாதா?’ என்று கேட்பவர் உண்டு. நல்ல கேள்வி. பெரிய காற்றாலையின் இறக்கை தொலைவிலிருந்து மெல்லச் சுழல்வதுபோல் தோன்றும். அதன் நுனியோ மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான விரைவில் பாய்கிறது. அந்த விரைவில் இறக்கை கண்ணுக்கு மங்கிப் போகிறது. மேலும், பாறு போன்ற பிணந்தின்னிக் கழுகுகள் தரையில் இரை தேடும்போது தலையைக் கீழே தாழ்த்திக்கொள்கின்றன. அவ்வாறு தாழ்த்தும்போது அவற்றிற்கு முன்னால் இருப்பது தெரியாது என்று பறவைகளின் பார்வைப் புலத்தை அளந்த அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர். கோடிக்கணக்கான ஆண்டுகளாக வானத்தில் எதிரே நின்று அடிக்கும் பொருள் எதுவும் இருந்ததில்லை. அதைப் பார்க்கும் தேவை அந்தக் கண்ணுக்கு ஏற்படவே இல்லை.

காற்றாலையோடு கதை முடிவதும் இல்லை. உண்டாகும் மின்சாரம் ஊர்போய்ச் சேரக் கம்பி வேண்டும். இந்தியாவின் இராசத்தானிலும் குசராத்திலும் கானமயில் என்னும் பெரும்பறவை ஏறத்தாழ 150 மட்டுமே எஞ்சியுள்ளது. உடல் கனமானது, நேர்எதிரே உள்ளதைச் சரிவரக் காணாத கண்ணுடையது, ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். காற்றாலை, சூரிய ஒளிப் பண்ணைகளின் மின்கம்பிகள் அதற்குக் கண்ணிகள் ஆயின. 2021-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத்துக் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க ஆணையிட்டது. அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அரசு வாதிட்டதால் 2024-இல் அந்த ஆணை தளர்த்தப்பட்டு, வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நீதிமன்றம் வாய்தா கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவைக்கு வாய்தா கிடையாது.

பூனைக் கணக்கு

காற்றாலைக்காக வாதாடுவோர் உடனே ஒரு கணக்கை எடுத்து நீட்டுவர். அதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஆய்வுகளின்படி, காற்றாலைகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 முதல் 3,28,000 பறவைகள் வரை இறக்கின்றன. பூனைகளால் இறப்பவையோ 130 கோடி முதல் 400 கோடி வரை! ஆகவே பூனையை விட்டுவிட்டுக் காற்றாலையை ஏன் குறை கூறுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

எண் சரிதான், முடிவு தவறு. நான்காம் ஆண்டு மாணவனுக்கும் இதன் பிழை விளங்கும். ஆப்பிளையும் மாம்பழத்தையும் ஒரே கூடையில் போட்டு எண்ணக் கூடாது என்று கணிதப் பாடத்தில் நாமே சொல்லிக் கொடுக்கிறோம். பூனை பிடிப்பவை பெரும்பாலும் சிறிய பறவைகள். அவை விரைவாக இனம் பெருக்குகின்றன. காற்றாலையில் அடிபடுபவற்றுள் கழுகும் பாறும் உண்டு. ஒரு பொன்னிறக் கழுகு முட்டையிடும் பருவத்தை அடையவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இடும் முட்டையோ ஒன்று முதல் மூன்று. வளர்ந்த கழுகு ஒன்றை இழந்தால் அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் வேண்டும். எந்தப் பூனையும் கழுகைப் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கழுகு குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்போருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விடை சொல்கிறது. மகாராட்டிர மாநிலத்தின் சால்கேவாடி மேட்டுநிலத்தில் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. காற்றாலைகள் உள்ள பகுதியில் வேட்டைப் பறவைகள் மற்றப் பகுதியைவிட நான்கு மடங்கு குறைவு. அதனால் அங்கே ஓணான் இனம் ஒன்று பெருகிவிட்டது. பெருகியது மட்டுமன்று, அச்சமும் குறைந்துவிட்டது. மனிதன் மிக அருகில் வரும்வரை அவை ஓடவில்லை. இரைக்குப் போட்டி மிகுந்ததால் அவற்றின் உடலும் மெலிந்திருந்தது. உணவுச் சங்கிலியின் உச்சியில் ஒரு வேட்டை விலங்கு புதிதாகச் சேர்ந்தால் என்ன நடக்குமோ, அதையே காற்றாலை செய்திருக்கிறது என்றனர் ஆய்வாளர்கள்.

உணவுச் சங்கிலி நம் தொடக்கப்பள்ளிப் பாடம்தான். ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று தேர்வில் கேட்கிறோம். அதே நூலின் இன்னொரு பக்கத்தில் காற்றாற்றலால் எவ்விதத் தீங்கும் இல்லை என்கிறோம். இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போலும்!

மருந்து இருக்கிறது, மனம்தான் இல்லை

‘பறவை வேண்டுமா, மின்சாரம் வேண்டுமா?’ என்று மேடையில் கேட்பவர்களைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. இஃது ஏமாற்றுக் கேள்வி. இரண்டும் கிடைக்கும் வழிகள் பல ஆண்டுகளாகவே தெரிந்தவை. சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் வழி, இடத்தைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆல்டமாண்ட் கணவாய் உண்டு. 1980-களில் அங்கே ஆயிரக்கணக்கான சிறு காற்றாலைகளை நாட்டினர். தரை அணில்கள் நிறைந்த அந்தக் குன்றுகள் கழுகுகளின் உணவுக்கூடம் என்பதைப் பொருட்படுத்தவில்லை. 2004-இல் வெளியான ஆய்வறிக்கை, ஆண்டுதோறும் 75 முதல் 116 பொன்னிறக் கழுகுகள் வரை அங்கே மடிவதாக மதிப்பிட்டது. பிற்காலத்தில் பழையவற்றைக் கழற்றிவிட்டு, குறைந்த எண்ணிக்கையில் பெரிய காற்றாலைகளை அமைக்க வேண்டியதாயிற்று. நாட்டுவதற்கு முன் பார்க்க மறுத்ததன் விலை அது.

இரண்டாம் வழி, வேண்டும்போது நிறுத்துவது. இசுபெயின் நாட்டின் தென்முனையில் தாரிஃபா என்னும் ஊர் உள்ளது. ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே கடலைக் கடக்கும் பறவைகளின் வாசல் அது. மன்னாரைப் போன்ற இடம். அங்கே பார்வையாளர்களை நிறுத்தினர். பாறுகள் ஆபத்தான காற்றாலையை நெருங்கும்போது அதை மட்டும் சில நேரம் நிறுத்தச் செய்தனர். 2012-இல் வெளியான ஆய்வின்படி பாறுகளின் இறப்பு பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தி இழப்பு 0.07 விழுக்காடு. ஆயிரம் அலகு மின்சாரத்தில் ஓர் அலகுகூட இல்லை! 2022-இல் வெளியான நீண்டகால ஆய்வில் பாறுகளின் இறப்பு 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. இழப்பு அரை விழுக்காட்டு அளவே.

மூன்றாம் வழி, வௌவால்களுக்கானது. காற்று மெதுவாக வீசும் இரவுகளிலேயே அவை மிகுதியாகப் பறக்கின்றன. அந்த மெல்லிய காற்றில் காற்றாலை தரும் மின்சாரமும் சொற்பம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வில், காற்றின் விரைவு சற்று உயரும்வரை இறக்கையைச் சுழல விடாமல் வைத்தனர். வௌவால் இறப்பு 44 முதல் 93 விழுக்காடு வரை குறைந்தது. ஆண்டு மின் இழப்பு ஒரு விழுக்காட்டிற்கும் உள்ளேதான்.

நான்காம் வழி, ஒரு வாளிச் சாயம். நோர்வே நாட்டின் ஸ்மோலா தீவில் வெண்வால் கடற்கழுகுகள் அடிபட்டு மடிந்தன. அங்கே நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசினர். 2020-இல் வெளியான ஆய்வு, அவற்றில் பறவை இறப்பு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாகக் கூறியது. நான்கே காற்றாலைகளில் செய்த சோதனை என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள இயலாது. ஆனால், முயன்று பார்ப்பதற்கு என்ன தடை?

இந்த அறிவை மன்னாருக்குப் பொருத்திப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வீசும் மாதங்கள் மே முதல் செப்டம்பர் வரை. வலசைப் பறவைகள் பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வந்து ஏப்ரலில் திரும்புகின்றன. காற்றாலை மிகுதியாக உழைக்கும் காலத்தில் வடபுலத்துப் பறவைகள் வடபுலத்தில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும்! இயற்கையே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறது. எஞ்சிய மாதங்களில், பறவைக் கூட்டங்கள் இடம்பெயரும் விடியலிலும் அந்தியிலும், ஆபத்தான காற்றாலைகளை மட்டும் நிறுத்தி வைத்தால் இழப்பு மிகுதியாகாது என்பது என் துணிபு. இப்போது நிற்பவற்றை இவ்வாறு ஓட்டலாம். புதியவற்றைப் பறவைகளின் வாசலை விட்டு விலக்கி நாட்டலாம். இதைச் சொல்ல ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன் தேவையில்லை. பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒப்பந்தத்தில் எழுதப்படாத எதையும் நிறுவனம் தானாகச் செய்யாது என்பதுதான் சிக்கல்.

யாரைக் கேட்டார்கள்?

இலங்கைக்கு மின்சாரம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2022-இல் அந்நாட்டு மக்கள் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் கிடந்தனர். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. 2030-க்குள் 70 விழுக்காட்டு மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறுவது அந்நாட்டின் இலக்கு. நல்ல இலக்கு. நல்ல இலக்கிற்காகச் செய்யப்படும் எதையும் கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் கெட்ட பழக்கம்.

2024-இல் இலங்கையின் சூழல் அமைப்புகள் அதானி திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றன. 1894-இல் தோன்றிய வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் அவற்றுள் ஒன்று. 2025 பிப்ரவரியில் அதானி நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. பறவைகள் வென்றன என்று சிலர் மகிழ்ந்தனர். பொறுங்கள்! நிறுவனம் விலகியது, ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சென்ட் என்ற விலையைப் புதிய அரசு மறுபடியும் பேச முற்பட்ட பிறகுதான். விலை ஒத்துவந்திருந்தால்? பூநாரைக்காக எவரும் பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டார்.

அதன்பின் நடந்ததே இதற்குச் சான்று. வேறு நிறுவனங்களின் காற்றாலைப் பணிகள் தொடர்ந்தன. 2025 ஆகத்தில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினர். காற்றாலைக்காகப் போடப்படும் சாலைகளும் அடித்தளங்களும் மழைநீர் வடியும் வழியை அடைக்கின்றன, ஊருக்குள் வெள்ளம் நிற்கிறது, மீன்பிடித் தொழில் கெடுகிறது என்பன அவர்களின் முறையீடுகள். கனிம மணல் அகழ்வுக்கும் அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒரு மாதம் பணியை நிறுத்தி வைக்க அதிபர் அறிவுறுத்தினார். செப்டம்பரில் காற்றாலைப் பாகங்கள் மறுபடியும் தீவுக்குள் கொண்டுவரப்பட்டபோது மக்களுக்கும் காவல் துறையினருக்கும் இடையே கைகலப்பு மூண்டது.

கவனியுங்கள். மக்களைக் கேட்காமல் தொடங்கிய திட்டம் தடியில் போய் முடிந்தது. பறவைக்கு வாய் இல்லை. ஆகவே அதைக் கேட்கவில்லை என்று சொல்லலாம். மீனவருக்கு வாய் இருந்ததே? பறவையைப் பொருட்படுத்தாத அதே பழக்கம்தான் அடுத்து மனிதனையும் பொருட்படுத்தாமல் போகிறது. மன்னார் தமிழர் வாழும் மண் என்பதால் மட்டும் நான் இதை எழுதவில்லை. எந்த மொழி பேசுபவரின் ஊராயினும், ஊரைக் கேட்காமல் ஊர் நடுவே எதையும் நாட்டுவது தவறு.

நமக்கு என்ன?

‘மலேசியாவில் காற்றே பெரிதாக வீசுவதில்லை. காற்றாலையும் இல்லை. ஐயா ஏன் இதற்காக வருந்துகிறார்?’ என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம்.

காற்றாலை இல்லை, ‘தூய ஆற்றல்’ என்னும் சொல் நம்மிடமும் உண்டு. சரவாக்கின் பாக்குன் அணையை எண்ணிப் பாருங்கள். 2,400 மெகாவாட் திறன். புகை இல்லை, கரி இல்லை. ஆனால், ஏறத்தாழச் சிங்கப்பூர் அளவுள்ள காட்டு நிலம் நீரில் மூழ்கியது. பத்தாயிரம் அளவிலான பழங்குடி மக்கள் தங்கள் ஆற்றங்கரையை விட்டுச் சுங்கை ஆசாப்பில் குடியமர்த்தப்பட்டனர். அந்த மின்சாரம் தூயதா என்று கேட்டால் புகைபோக்கியைப் பார்த்து ‘ஆம்’ என்பதா, மூழ்கிய காட்டைப் பார்த்து ‘இல்லை’ என்பதா? 2050-க்குள் மின் நிறுவு திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக்க நம் அரசு இலக்கு வகுத்துள்ளது. அதற்காக இனி எத்தனையோ இடங்களில் சூரியப் பண்ணைகளும் அணைகளும் எழும். எங்கே எழ வேண்டும் என்று கேட்கப் போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள். கேட்பதற்கு அவர்களை நாம் பழக்கியிருக்கிறோமா?

வலசை என்பதும் நமக்கு அயலான செய்தி அன்று. மார்ச்சு மாதத்தில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவான் முனைக்குச் சென்று பாருங்கள். சுமாத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து தேன் பருந்துகள் வந்து கரை சேரும். கடலின்மேல் எழுகாற்று குறைவு. ஆகவே அவை களைத்துத் தாழப் பறந்து வரும். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து நோக்கு விழா நடத்தி வந்துள்ளது. களைத்து வரும் அந்தப் பருந்தின் முன்னே, கலங்கரை விளக்கத்தின் அருகில், ஒரு காற்றாலை நின்றால் எப்படியிருக்கும்? மன்னாரின் வலி உடனே புரியும்.

செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது எனக்கு உடன்பாடன்று. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் முன்வைப்பவை இவை:

1. ‘தீங்கற்ற ஆற்றல்’ என்னும் தொடரை விலக்குவோம். ‘தீங்கு குறைந்த ஆற்றல்’ என்று கற்பிப்போம். ஒரு சொல்தான், ஆனால் அந்த ஒரு சொல்லில் அறிவியல் இருக்கிறது.

2. சரி, பிழை என்று மட்டும் கேட்காமல், ‘எங்கே?’ என்று கேட்போம். ஒரு தீவின் வரைபடத்தைக் கொடுத்து, காற்று வீசும் திசை, பறவைகள் தங்கும் ஈரநிலம், மீனவர் ஊர் ஆகியவற்றைக் குறித்து, பத்துக் காற்றாலைகளை எங்கே நாட்டுவாய் என்று ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் கேளுங்கள். உயர்நிலைச் சிந்தனை என்று நாம் ஓயாமல் பேசுவது இதைத்தான்.

3. கட்டுரை எழுதும்போது இரு பக்கத்தையும் எழுதப் பழக்குவோம். நன்மை ஐந்து வரி, தீமை ஒரு வரி என்பது இரு பக்கம் ஆகாது.

4. பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் பேரங்காடிக்குச் செல்லும் ஒரு நாளைத் தஞ்சோங் துவானுக்கோ கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவிற்கோ கொடுங்கள். வலசைப் பறவையைக் கண்ணால் கண்ட குழந்தை அதன் வழியை மறிப்பவரை வாழ்நாள் முழுதும் கேள்வி கேட்கும்.

5. பயிற்சி நூல்களில் இத்தகைய பிழையைக் கண்டால் பதிப்பாளருக்கு எழுதுங்கள். எல்லாரும் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டே இருந்தால், அடுத்த பதிப்பிலும் அதே விடைதான் அச்சாகும்.

காற்று எவருக்கும் உரிமையானதன்று என்பார்கள். உண்மையில், அதை முதலில் பயன்படுத்தக் கற்றவை பறவைகள். நாம் அண்மையில் வந்து சேர்ந்தவர்கள். பின்னால் வந்தவர் முன்னால் இருப்பவரைக் கேட்டு, இடம் பார்த்து அமர்வதுதான் நாகரிகம். அதைச் செய்ய அறிவியல் வழி காட்டிவிட்டது, செலவும் பெரிதில்லை. இனியும் செய்ய மறுப்போரைத் ‘தூய ஆற்றல்’ என்னும் போர்வைக்குள் ஒளிய விடக் கூடாது.

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். மறுப்பு இருந்தால் இன்னும் மகிழ்ச்சி, சான்றோடு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்